வீட்டோ: தடுப்பு வாக்கும் எதிர்வாக்கும்

வீட்டோ என்றதும் நமக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபைதான் நினைவுக்கு வரும். மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களிலும் இந்தச் சொல் அன்றாடம் புழங்குகிறது. அங்கே அதன் பொருள் வேறு. நம்மிடம் இருக்கும் தமிழ்ச் சொற்களை அப்படியே எடுத்துப் போட்டால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

சொல் இலத்தீன். "தடுக்கிறேன்" என்று பொருள். நம் "தடுக்கிறேன்" போலவே, "நான்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாத வினைமுற்று. ரோமில் கி.மு. 494 வாக்கில் சாதாரண மக்கள் போராடித் தங்களுக்கென்று ட்ரிப்யூன் என்ற பதவியைப் பெற்றார்கள். அதிகாரிகளின் ஆணைக்குக் குறுக்கே நின்று அதை நிறுத்துவது அவர்களுடைய உரிமை. பிறக்கும்போது இது எளியவர்களின் கவசம்.

அப்புறம் அது கை மாறியது. போலந்து-லிதுவேனியாவின் பேரவையில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து மறுத்தாலே கூட்டத்தொடர் கலைந்துவிடும். 1652-இல் சிசின்ஸ்கி என்பவர் கூட்டத்தை நீட்டிக்க ஒப்பாமல் இதைத் தொடங்கிவைத்தார். 1791 மே 3 அரசமைப்பு அந்த உரிமையை ஒழித்தது. ஐ.நா. சாசனத்தில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது. நிரந்தர உறுப்பு நாடுகளின் இசைவு வாக்குகள் வேண்டும் என்றுதான் 27-ஆம் பிரிவு சொல்கிறது. மறுக்கும் நாடு காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மென்பொருளுக்கு வருவோம். 1995-இல் எட்டுப் பேர் சேர்ந்து, இணையப் பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் அப்பாச்சி வலைவழங்கியை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் முடிவுகளை மின்னஞ்சல் வாக்கில்தான் எடுக்க முடிந்தது. ஏற்றால் +1, எதிர்த்தால் -1. 1999-இல் அமைந்த அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் இன்றும் அதே வழக்கம்தான்.

நிரலில் செய்யும் ஒரு மாற்றத்துக்கு வாக்குரிமை உள்ளவர் -1 போட்டால் மாற்றம் அங்கேயே நிற்கும். போட்டவரே திரும்பப் பெறும்வரை வேறு யாராலும் அதை மீற முடியாது. ஆனால் தொழில்நுட்பக் காரணம் கட்டாயம் சொல்லவேண்டும்: பாதுகாப்பில் ஓட்டை விழும், வேகம் குறையும் என்பதுபோல. காரணம் சொல்லாத வீட்டோ செல்லாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ரோமிலிருந்து நியூயார்க் வரை ஆளுக்கு இருந்த அதிகாரத்தை, இவர்கள் அவர் சொல்லும் காரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியீட்டு வாக்கில் கதை வேறு. புதிய பதிப்பை வெளியிடும் பொறுப்பாளர் மூலநிரல் பொதியையும், அதில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் மின்கையொப்பத்தையும் முன்வைத்து வாக்கு கேட்பார். வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் தருவார்கள், உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் பார்க்க நேரம் வேண்டுமே. +1 போடுபவர் பொதியை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் கணினியில் இயங்கும் நிரலாகத் தொகுத்து, ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். அந்தத் திட்டத்தின் மேலாண்மைக் குழுவினரின் வாக்குகளே கணக்கில் சேரும். மற்றவர்களுடையது கருத்து வாக்கு. குறைந்தது மூன்று +1 வேண்டும், -1-ஐ விட +1 கூடுதலாக இருக்கவேண்டும். அவ்வளவுதான். இங்கே -1 எதையும் தடுக்காது. பெரிய பிழை ஒன்றைக் காட்டி ஒருவர் -1 போட்டால், பொறுப்பாளரே வாக்கெடுப்பை நிறுத்திவிட்டுத் திருத்திய பொதியோடு வருவது உண்டு. அது அவர் எடுக்கும் முடிவு. தனி ஒருவரால் வெளியீட்டை முடக்கி வைக்க முடியாது.

ஆக, ஒரே -1 ஓரிடத்தில் வீட்டோ, இன்னோரிடத்தில் வெறும் மறுப்பு. புதிதாகச் சேருபவர்கள் குழம்புவது இங்கேதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? செய்தித்தாள்களில் "வீட்டோ அதிகாரம்", "ரத்து அதிகாரம்" என்று எழுதுகிறார்கள். "வெட்டுரிமை" ஒலியிலும் நெருங்கிவரும் அழகான சொல், பாதுகாப்புச் சபைக்குச் சரி. ஆனால் அதிகாரம், உரிமை என்று முடியும் சொற்கள் எல்லாம் ஒருவரிடம் நிலையாக இருக்கும் ஒன்றைக் குறிக்கின்றன. "ரத்து" என்றால் நடந்துவிட்டதை நீக்குவது. நமக்கு வேண்டியது, ஒரு மாற்றத்தின் மேல் விழும் ஒரு வாக்கின் பெயர்.

அதனால் நிரல் மாற்றத்தின் மேல் விழும் -1-ஐத் தடுப்பு வாக்கு என்றும், வெளியீட்டில் விழுவதை எதிர்வாக்கு என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. வாக்கியத்திலும் இயல்பாக உட்காரும்: "நினைவகக் கசிவைக் காட்டித் தடுப்பு வாக்கு போட்டிருக்கிறார், அவர் விலக்கும்வரை இணைக்க வேண்டாம்." "நான்கு ஆதரவு வாக்கு, ஓர் எதிர்வாக்கு, பதிப்பு வெளியாகிறது."