மர மில்லில் அடிபட்டால்: தலைக்கணக்கு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

மதுரையைச் சுற்றியுள்ள மர மில்களிலும் இழைப்புப் பட்டறைகளிலும் பல, ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் இடங்கள்தான். அங்கே யாருக்காவது கை போனால் உடனே ஒரு பேச்சு வரும்: "நம்மளது ஃபேக்டரி இல்லப்பா, சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்." பாதி உண்மை. ஆனால் காசு சம்பந்தப்பட்ட பாதி பொய்.

உண்மையான பாதி, கண்காணிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். மின்சாரத்தில் இயங்கும் மில்லைத் 'தொழிற்சாலை' என்று கொள்ள 20 பேர் வேண்டும். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 10 ஆக இருந்தது. வரம்பை உயர்த்தியது சின்ன மில் தொழிலாளிக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. ரம்பத்துக்கு ஆள் கணக்கு தெரியாதே.

சுற்றுச்சூழல் விதிகள் ஆளை எண்ணுவதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. மரத்தூளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது.

இனி இழப்பீடு. மின்சார மெஷின் ஓடும் பட்டறையில் இரண்டே பேர் வேலை பார்த்தாலும், வேலையால் வந்த காயத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. கணக்கு இப்படி: முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, சட்ட அட்டவணையில் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. ஆக 15,000 சம்பளத்துக்கு 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய். ஒரே கையில் இரண்டு விரல் போனால் அதில் 20 சதவீதம், அதாவது 3,74,364. கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால் வழி வேறு. அப்போது பணம் ஈஎஸ்ஐயிலிருந்து மாதாமாதம் வரும், முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது. சிகிச்சைக்குத் தத்தனேரி ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரம்பத்தின் மறைப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால், அல்லது குடித்திருந்ததால் அடிபட்டிருந்தால், முதலாளி தப்பிக்க இடமுண்டு. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று முதலாளியே கழற்றச் சொல்வதுதான் பல இடங்களில் வழக்கம். அதைப் பார்த்த சக தொழிலாளி யார் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது "வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்புவார்கள். கேட்காதீர்கள். விபத்துப் பதிவேட்டில் மில்லில் மெஷினில் அடிபட்டது என்றே எழுதச் சொல்லி அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், இதற்குக் காலவரம்பு உண்டு.