பூனையாகப் பிறந்தால் பதுங்கத்தான் வேண்டுமா?

ஸ்கைரிம் என்ற கற்பனை உலகக் கணினி விளையாட்டைத் தொடங்கியதும் முதல் வேலை, நம் பாத்திரத்துக்குப் பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பலர் முகவெட்டைப் பார்த்து ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த பல மணி நேரம் எப்படிச் சண்டை போடப் போகிறோம், எங்கே ஒளிந்துகொள்ளப் போகிறோம் என்பதில் ஒரு பங்கு அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கணக்கைப் பார்த்தால் இது நம்பக் கடினம். 2011-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் 18 திறன்கள் உண்டு. யாராக இருந்தாலும் ஒவ்வொன்றும் 15 புள்ளியில் தொடங்கும். அதன்மேல் உங்கள் இனம் ஒரு திறனுக்கு 10 புள்ளியும், வேறு ஐந்து திறன்களுக்கு ஐந்தைந்து புள்ளியும் சேர்க்கிறது. எந்த இனத்துக்குக் கூட்டினாலும் 35தான். பூனை முகம் கொண்ட காஜீட் இனத்துக்குப் பதுங்கும் திறன் 25, முரட்டுப் போர்வீரர்களான ஆர்க் இனத்துக்குக் கனத்த கவசத் திறன் 25. உச்சம் 100 என்னும்போது பத்துப் புள்ளி என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும். நிலவறை ஒன்றில் காவலாளி முதுகைக் காட்டி நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காஜீட் குனிந்து நெருங்கும்போது பிடிபடாமல் போகும் வாய்ப்பு சற்று அதிகம். நெருங்கி ஒரே குத்தில் வீழ்த்திவிட்டால், அடுத்த அறையிலும் குனிந்துதான் நுழைவோம். அதே இடத்தில் ஆர்க் பிடிபட்டுவிடுகிறான். ஆனால் கவசம் அடியைத் தாங்குகிறது. இனத்துக்கே உரிய வெறியை அவன் கிளப்பிவிட்டால், 60 விநாடிகளுக்கு வாங்கும் அடி பாதி, கொடுக்கும் அடி இரண்டு மடங்கு. இந்த ஆட்டக்காரர் இனிமேல் எதற்குக் குனிகிறார்?

இங்கே இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று சுழற்றுகின்றன. ஸ்கைரிமில் பயன்படுத்தும் திறன்தான் வளரும், பதுங்கப் பதுங்கத்தான் பதுங்கல் கூடும். மனித மனமும் அதே வழியில்தான் போகிறது. நல்ல பலன் தந்த செயலைத் திரும்பச் செய்யும் போக்கை, பெட்டிக்குள் அடைத்த பூனைகள் தப்பிக்கும் விதத்தை வைத்து எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1898-இலேயே விளக்கினார். தொடக்கத்தில் கிடைத்த சின்னச் சாய்வு முதல் சில மணி நேரத்திலேயே பழக்கமாக உறைந்துவிடுகிறது.

ஆனால் எண்களின் செல்வாக்கு நிலைப்பதில்லை. போதிய காலம் உழைத்தால் ஆர்க்கும் பதுங்கலில் நூறைத் தொட்டுவிடுவான். அதனால் என் கணக்கில் புள்ளிகளைவிட, விதியையே மாற்றும் இயல்புகள்தான் உயர்ந்தவை. கடைசி வரை கரையாதவை அவை.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதில் எந்த இனத்தவரும் தங்கள் +2, +1 போனஸை வலிமை, சுறுசுறுப்பு போன்ற பண்புகளில் விரும்பியதில் போட்டுக்கொள்ளலாம். இனத்துக்கும் எண்ணுக்கும் இருந்த முடிச்சையே அவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் குட்டை உருவ இனமான ஹாஃப்லிங் ஹாஃப்லிங்தான். முயற்சியின் பலனைத் தீர்மானிக்கும் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் அந்த இனத்தவர் இன்னொரு முறை உருட்டலாம். மற்றவர்களுக்கு இருபதில் ஒரு முறை நேரும் படுதோல்வி, இவர்களுக்கு நானூறில் ஒரு முறையாகச் சுருங்குகிறது. ஆபத்தான பூட்டைத் திறக்கவும் துணிச்சலாகப் பேசிப் பார்க்கவும் கை தானாக நீள்கிறது. பாதி ஆர்க் இனத்தவர் உயிர் தீரும் அடியை வாங்கினாலும் ஒரு உயிர்ப்புள்ளியுடன் நின்றுவிடுவார், நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை. அந்த ஒரு உயிரை நம்பி எதிரிக் கூட்டத்துக்குள் முதலில் பாய்பவர்கள் உண்டு.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற விளையாட்டு. அதில் எலும்புக்கூடாக ஆடினால் நஞ்சு மருந்தாகும், குணமாக்கும் மந்திரம் காயமாகும். தோழர் அன்போடு வைத்தியம் செய்ய வந்தால் ஓட வேண்டும். தரையில் பரவிக் கிடக்கும் பச்சை நஞ்சுக் குட்டையைக் கண்டு மற்றவர்கள் சுற்றிப் போகும்போது, நீங்கள் அதன் நடுவில் போய் நின்றுகொள்வீர்கள். ஒரே ஒரு விதியைத் திருப்பிப் போட்டதில் வரைபடமே தலைகீழாகிறது! ஊருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாட வேண்டும், விரல் எலும்பே பூட்டைத் திறக்கும் சாவி.

பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் இனம் தனி ஒருவரின் விருப்பத்தோடு நிற்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது, அச்சத்தைத் தடுக்கும் காப்பு மந்திரம் குள்ளர் இன மதகுருவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒனிக்ஸியா என்ற டிராகன் கர்ஜித்தால், முன்னால் நின்று அடி தாங்கும் வீரர் பயந்து ஓடிவிடுவார், பின்னால் இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். நாற்பது பேர் கொண்ட படை அந்தக் குட்டை மதகுருவைத் தேடி அலைந்தது. பின்னர் எல்லா மதகுருக்களுக்கும் அந்த மந்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

விதிகளைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. மெய்நிகர் அறையில் உயரமான உருவம் கிடைத்தவர்கள், பணம் பிரிக்கும் பேரத்தில் குட்டையான உருவம் கிடைத்தவர்களைவிடக் கறாராக நடந்துகொண்டார்கள் என்று நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் காட்டினார்கள். வடிவம் மாறும் கிரேக்கக் கடவுளின் பெயரால் அதைப் புரோட்டியஸ் விளைவு என்கிறார்கள். அணிந்த உருவத்துக்கு ஏற்ற நடத்தையை மனம் தானே வரவழைத்துக்கொள்கிறது. அந்தச் சோதனையில் ஆர்க்கும் இல்லை, காஜீட்டும் இல்லை. ஆனால் என் காஜீட் கனத்த இரும்புக் கவசம் பூண்டு, யாருக்கும் அஞ்ச வேண்டாத நிலைக்கு வந்த பிறகும், ஆளில்லாத அறைக்குள்கூட நான் அதைக் குனிந்தபடியேதான் நடத்திச் சென்றேன்.