போகும், திரும்பாது: டேட்டா டயோடு வேலை செய்யும் விதம்

"மின் நிலையம், குடிநீர் நிலையம் மாதிரி இடங்களை எதற்கு இணையத்தோடு இணைக்க வேண்டும்? கேபிளைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இத்தகைய இடங்களின் பாதுகாப்புதான் என் வேலை என்பதால் பதில் சொல்கிறேன்.

கேட்டதில் பாதி சரி. உள்ளே இருக்கும் கருவிகள் பேசும் மொழிகள் மிகப் பழையவை. இன்றும் பரவலாகப் புழங்கும் மோட்பஸ் 1979இல் வந்தது, அதன் அடிப்படை வடிவத்தில் "நீ யார்?" என்று கேட்கும் வழியே கிடையாது, கட்டளை வந்தால் கருவி செய்துவிடும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின் விநியோக நிலைய ஊழியர்கள், வெளியிலிருந்து ஊடுருவியவர்கள் இயக்க, தங்கள் திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறப்பதை, அதாவது மின்சாரத்தைத் துண்டிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளில் மின்சாரம் போனது.

ஆனால் பிடுங்கவும் முடியாது. டர்பைன் வேகம், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூடு எல்லாம் மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கும் பராமரிப்புக் குழுவுக்கும் உடனுக்குடன் போயாக வேண்டும். கேபிள் இல்லையென்றால் யாராவது யூஎஸ்பியில் எடுத்துப்போவார்கள், அது இன்னும் மோசம்; 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு யூஎஸ்பி வழியாகப் பரவும்படிதான் எழுதப்பட்டிருந்தது.

ஆக, தகவல் வெளியே போக வேண்டும், உள்ளே எதுவும் வரக்கூடாது. போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் இதைச் செய்யும்தான், ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, ஏமாற்றிவிட வாய்ப்பு உண்டு. தகவலை ஒரே திசையில் மட்டும் விடும் கருவியான டேட்டா டயோடில் ஏமாற்ற ஆளே இல்லை. வழக்கமான ஃபைபர் இணைப்பில் இரண்டு இழைகள் இருக்கும், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. டயோடில் ஒரே இழைதான். உள்பக்க முனையில் லேசர் மட்டும், வெளிப்பக்க முனையில் ஒளியை உணரும் சில்லு மட்டும். அந்தச் சில்லால் ஒளியை அனுப்பவே முடியாது. வெளியே இருக்கும் கணினியை எவன் கைப்பற்றினாலும் இந்த இழை வழியாக ஒரு பிட்டைக்கூட உள்ளே தள்ள முடியாது, மென்பொருளில் எத்தனை ஓட்டை இருந்தாலும் சரி.

இரண்டு இழைகளில் ஒன்றை உருவிவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமே இனிமேல்தான் வருகிறது. சாதாரணக் கருவிகளை வைத்து இதைச் செய்து பார்த்தால், எதிரிலிருந்து ஒளி வரவில்லை என்றதும் அனுப்பும் போர்ட் (கேபிள் செருகும் முனை) இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துப் படுத்துவிடும். அதனால் இன்னொரு சின்னக் கருவியிலிருந்து அதற்கு வெறும் ஒளியை மட்டும் காட்டுவார்கள். அந்த ஒளியில் எந்தச் செய்தியும் இல்லை, போர்ட் விழித்திருக்க அதுவே போதும்! அப்புறம் டிசிபி, அதாவது கணினிகள் தகவலைப் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக்கி அனுப்பப் பெரும்பாலும் பயன்படுத்தும் முறை. பாக்கெட்டுகள் "வந்து சேர்ந்தது" என்ற பதில் எதிரிலிருந்து வந்துகொண்டே இருக்காவிட்டால் அது நகராது. அதனால் உள்பக்கத்தில் ஒரு கணினி தானே அந்தப் பதிலைச் சொல்லி, தகவலை வாங்கி, பதில் எதிர்பார்க்காத யுடிபி என்ற இன்னொரு முறையில் இழைக்குள் விடுகிறது. வெளிப்பக்கத்தில் இன்னொன்று அதை மறுபடி கோத்து எடுக்கிறது. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால்? மறுபடி அனுப்பு என்று கேட்க வழியில்லை. அதனால் கூடுதல் தகவலை முன்கூட்டியே சேர்த்து அனுப்புவார்கள். 40, 42 என்ற இரண்டு அளவுகளோடு கூட்டுத்தொகை 82ஐயும் அனுப்பினால், மூன்றில் எது தொலைந்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நடைமுறைக் கணக்கு இதைவிடச் சிக்கல், ஆனால் யோசனை இதுதான்.

எனக்கு வருத்தம் தருவது, இவ்வளவு நேர்த்தியாகப் போட்ட டயோடுக்குப் பக்கத்திலேயே "தொலைதூரப் பராமரிப்புக்கு, தற்காலிகமாக" என்று இன்னொரு கேபிளை இழுத்துவிடுவது. பளபளக்கும் கண்காணிப்புத் திரைகளுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். பெட்டியின் பின்பக்கம் குனிந்து ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று பார்க்கும் ஆளுக்கும், மோட்பஸ் மாதிரிப் பழைய மொழிகளுக்குப் பூட்டுப் போடும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்குவதில்லை. முதலில் பணம் போக வேண்டியது அங்கேதான்.

சரி, மென்பொருள் புதுப்பிப்புகள் எப்படி உள்ளே வரும்? டயோடு வழியாக வராது. தனியாக வைத்த ஒரு கணினியில் கோப்பைச் சோதித்து, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்த்து, பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தும் நாளில், அதற்கென்றே வைத்திருக்கும் யூஎஸ்பியில் கையால் எடுத்துப்போய்ப் போட வேண்டும்.