ஸோனிங்: நிலத்தைச் சுற்றிய கச்சை

அமெரிக்க நாட்டுப்புறத்தில் நிலம் வைத்திருப்பவர்களைக் கவுண்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகத்துக்கு அலைய வைக்கும் சொல் ‘ஸோனிங்’. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் என்ன செய்யலாம் என்று விதிப்பதே அது. அதன் கதையைச் சொல்லி, தமிழில் அதை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். தன் நிலத்தில் இரண்டாவது வீடு கட்டலாமா, பழைய களஞ்சியத்தில் வெல்டிங் பட்டறை போடலாமா என்பதை அங்கே உடைமையாளர் தாமே முடிவு செய்துவிட முடியாது. அந்த நிலத்துக்குக் கவுண்டி வரைபடத்தில் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘ஸோனே’ என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பண்டைய நிலநூலார் பூமியைச் சுற்றி ஐந்து கச்சைகளைக் கற்பனை செய்து, நடுவில் வெப்பம், இருபுறமும் மிதவெப்பம், இரு முனைகளிலும் குளிர் எனப் பிரித்தார்கள். நம் பள்ளிப் பாடத்தில் ‘வெப்ப மண்டலம்’ வந்த வழி இதுதான். இடுப்பைச் சுற்றிப் படரும் அக்கி நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் ‘ஸோஸ்டர்’ என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. அக்கி வந்தவர்களுக்குக் கச்சை உவமை நன்றாகவே விளங்கும்.

நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பொருளில் இச்சொல் வழங்கத் தொடங்கியது நகரங்களில்தான். நியூயார்க் 1916இல் நகரம் முழுவதற்குமான விதியை இயற்றியது. ஓஹையோவில் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்னும் சிற்றூரின் விதி செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், வீட்டுக்கு ஓரிடம், கடைக்கு ஓரிடம், ஆலைக்கு ஓரிடம் எனப் பிரிக்கும் முறைக்கு ‘யூக்ளிடிய ஸோனிங்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் வடிவக் கணிதத்துக்கும் தொடர்பில்லை. ஊருக்கு அந்தக் கணித மேதையின் பெயரை வைத்தவர்கள் நில அளவையாளர்கள், அவ்வளவுதான்.

நாட்டுப்புறத்துக்கு இது வந்த கதை வேறு. விஸ்கான்சினின் வடபகுதியில் பைன் காடுகளை வெட்டி முடித்த பிறகு, அடிமரங்கள் நிறைந்த அந்த நிலத்தை விளைநிலம் என்று சொல்லி விற்றார்கள். விளைச்சல் கிடைக்கவில்லை, வரி கட்ட முடியாதவர்களின் நிலம் கவுண்டியின் கைக்கு வந்தது. காட்டுக்குள் தனித்து வாழ்ந்த ஓரிரு குடும்பங்களுக்காகச் சாலையையும் பள்ளியையும் பராமரிக்கக் கவுண்டிக்குக் கட்டுப்படியாகவில்லை. 1929இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, 1933இல் ஒனைடா கவுண்டி நாட்டிலேயே முதல் நாட்டுப்புற ஸோனிங் விதியை இயற்றி, காட்டுப் பகுதிகளில் புதிதாக யாரும் ஆண்டு முழுவதும் குடியிருக்கலாகாது என்றது. முன்பே குடியிருந்தவர்களை மட்டும் விட்டுவைத்தது. ‘இங்கே வாழாதே’ என்று சொல்வதற்காகவே நாட்டுப்புறத்துக்குள் வந்த சொல் என்பதால், அதைக் கேட்டதும் அங்குள்ளவர்கள் முகம் சுளிப்பதை வெறும் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இன்றைய மனக்குறையை ஒரு கணக்கில் காட்டலாம். அமெரிக்காவின் பெரும்பகுதி ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. அந்தக் காலில் கால் 40. வேளாண் கவுண்டிகள் பலவற்றில் இந்த 40 ஏக்கருக்கு ஒரு வீடு என்பது விதி. நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் முதியவர், மகளுக்கு ஓர் ஓரத்தில் இரண்டு ஏக்கர் பிரித்துக் கொடுத்து வீடு கட்டச் சொல்ல நினைத்தால், வரி கட்டுவது தாமாக இருந்தும், கவுண்டியிடம் விலக்குக் கேட்டு, விசாரணைக் கூட்டத்தில் அண்டை நிலத்தார் முன்னிலையில் நின்று தம் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆரெகன் மாநிலம் இன்னும் கடுமை காட்டுகிறது. அங்கே உயர்மதிப்பு விளைநிலத்தில் பண்ணை வீடு கட்ட, அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்கு 80,000 டாலர் மொத்த வருமானம் வந்ததாகக் காட்டுவது ஒரு வழி.

ஆனால் எதிர்ப்பு ஒரே திசையில் இல்லை. ஐயோவாவில் வேளாண்மைக்குக் கவுண்டி ஸோனிங்கிலிருந்து சட்டமே விலக்கு அளிப்பதால், பக்கத்து நிலத்தில் ஆயிரக்கணக்கான பன்றிகளுக்குக் கொட்டகை எழும்பும்போது, விதிகளே வேண்டாம் என்று பேசிவந்தவரும் ‘இதைத் தடுக்க ஒரு விதி இல்லையா?’ என்று கேட்கிறார். டெக்சாஸில் கவுண்டிகளுக்குப் பொதுவான ஸோனிங் அதிகாரமே கிடையாது. நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்குபவர், எதிரில் கல்லுடைக்கும் ஆலை வரலாம் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கவுண்டி’யை ‘மாவட்டம்’ என்றால் வாசகர் மனத்தில் ஆட்சியர் வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே விதியை இயற்றுவதோ பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த குழு. ஆகவே ‘கவுண்டி’ என்றே விடலாம். ‘ஸோன்’ என்பதற்கு நம் செய்தித்தாள்கள் எழுதும் ‘மண்டலம்’ இங்கே பொருந்தாது. வெப்ப மண்டலம் போன்ற பாடநூல் சொற்களை விட்டால், தொண்டை மண்டலம் முதல் மாநகராட்சி மண்டல அலுவலகம் வரை அச்சொல் பெரும்பாலும் ஆளுகைப் பிரிவையே குறித்துவந்திருக்கிறது. ‘திணை’ என்று சிலருக்குத் தோன்றலாம். திணை நிலத்தின் இயல்பைச் சொல்வது, அனுமதியைச் சொல்வதன்று. நன்செய், புன்செய் என்பவையும் நிலம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் வருவாய்க் கணக்குச் சொற்களே.

எனக்குச் சரியாகப் படுவது ‘வலயம்’. வளையல், வட்டம் என்ற பொருளால் அது கிரேக்கக் கச்சைக்கு மிக அருகில் நிற்கிறது. இலங்கைத் தமிழில் ‘வலயக் கல்வி அலுவலகம்’ என்று நாள்தோறும் புழங்கவும் செய்கிறது. ஆயினும் வலயம் எல்லையை மட்டுமே தருகிறது. உள்ளே என்ன செய்யலாம் என்பதைத் தரவில்லை. அதற்குத் தமிழ்நாட்டு நகரமைப்பில் புழங்கும் ‘நிலப்பயன்’ கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்து ‘நிலப்பயன் வலயமாக்கம்’ என்று முதலில் எழுதி, பிறகு ‘வலயமாக்கம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஒரு நிலத்தை வேறு வகைக்கு மாற்றுவது ‘வலய மாற்றம்’. தனி ஒருவருக்கு விதியைத் தளர்த்துவது ‘விதித்தளர்வு’. விதிக்கு முன்பே இருந்ததால் பொறுத்துக்கொள்ளப்படும் பட்டறை அல்லது வீட்டுக்கு ‘முன்னிருந்த பயன்’ என்ற தொடர் போதும். ஆங்கிலப் பேச்சு வழக்கில் இதற்குப் பாட்டனாரைக் குறிக்கும் ‘கிராண்ட்ஃபாதர்’ என்ற சொல்லை வைத்துத்தான் பெயர். பாட்டனுக்கு வாக்குரிமை இருந்தால் பேரனுக்கும் உண்டு என்று கறுப்பினத்தவரை விலக்கிவைத்த தென்மாநில விதிகளின் எச்சம் அது. அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.