பெட்டியில் முத்திரை இருந்தது, பசையில் இல்லை

போன வைகாசியில் கொக்குவிலில் இருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். "அண்ணை, புது அறைக்குள்ள போனா கண் எரியுது, மகன் இரவெல்லாம் இருமுறான், ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தால், வெளிநாட்டில் இருக்கும் சகோதரன் அனுப்பிய காசில் கட்டிய நல்ல அறை. ஏசி போட்டு, யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தி, நிலத்துக்கு மரம்போலத் தெரியும் வினைல் ஒட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததுமே தின்னர் மணம் மூக்கில் ஏறியது.

வினைல் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். நிலத்துக்குப் போடும் பொருளிலிருந்து அறைக்குள் வரும் ஆவி குறைவு என்று காட்டும் ஃபுளோர்ஸ்கோர் முத்திரை இருந்தது, சான்றிதழ் எண்ணும் சரியாகவே இருந்தது. பிறகு மூலையில் கிடந்த தகரத்தைக் கண்டேன். தச்சுவேலைக்காரர் ஃபோர்மைக்கா ஒட்டும் அதே மஞ்சள் பசை! அதில் கரைப்பான் நிறைய இருக்கும், அது காயும்போது முழுக்க அறைக் காற்றில்தான் கலக்கும். முத்திரை வினைலுக்குத் தானே தவிர, அதற்குக் கீழே போன பசைக்கு இல்லை. ஃபுளோர்ஸ்கோர் பசைக்கும் தனியாகக் கொடுக்கப்படுகிறது, ஜேர்மனியில் பசை போன்ற பொருட்களுக்கு எமிகோட் என்று ஒரு முத்திரை இருக்கிறது, ஆனால் இங்கே பசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முத்திரை என்ன சொல்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஃபுளோர்ஸ்கோர் கலிபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையின் சோதனை முறையைப் பின்பற்றுவது. பொருளை 10 நாள் சுத்தமான காற்றில் வைத்து, பிறகு ஒரு பெட்டியறைக்குள் 4 நாள் வைத்து, வெளிவரும் ஆவிகளை அளப்பார்கள். 35 இரசாயனங்களுக்கு வரம்பு உண்டு. பலகை ஒட்டும் பசைகளிலிருந்து வரும், கண்ணை எரிக்கும் வாயுவான ஃபோமல்டிகைட்டுக்கு ஒரு கனமீற்றர் காற்றில் 9 மைக்ரோகிராம்தான். லமினேட் பலகைக்குக் கடைக்காரர் காட்டும் ஐரோப்பிய ஈ1 (E1) தரம் வேறு விஷயம். அது ஃபோமல்டிகைட்டை மட்டும் பார்ப்பது, அதன் வரம்பு 124 மைக்ரோகிராம். அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டையும் நேரே ஒப்பிடக் கூடாது, ஆனால் "ஈ1 இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொள்வதில்லை. ஃபோமல்டிகைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியிருக்கிறது.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. அந்தச் சோதனை 23 பாகையில் நடக்கும். சித்திரையில் பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்து, இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் வெப்பம் எவ்வளவு என்று யோசியுங்கள். வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் பலகையிலிருந்து ஃபோமல்டிகைட் வெளிவருவதும் கூடும். அதனால் முத்திரை இருந்தாலும் யன்னலைத் திறந்துவிடத்தான் வேண்டும், அதிலும் முதல் சில கிழமைகள் கட்டாயம்.

கடையில் முத்திரையின் படத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். சான்றிதழைக் கேளுங்கள், அதில் பொருளின் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கும், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே போனில் பாருங்கள். வேலைக்கு வருபவர் கொண்டுவரும் பசையையும் கையில் வாங்கி வாசியுங்கள். அல்லது டைல்ஸ் பதியுங்கள், சுட்ட களிமண்ணிலிருந்து இப்படி ஆவி வராது. எங்கள் அப்பம்மா காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலமும் அப்படித்தான், அதன் அருமை எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

கொக்குவில் அறையில் வினைலைக் கழற்றி, பசையைச் சுரண்டி எடுத்து, யன்னலைத் திறந்து மூன்று கிழமை விட்டோம். அதுவரை பெடியன் முன் விறாந்தையில், அம்மம்மாவின் பாயில் படுத்தான். இரண்டாம் கிழமையே இருமல் குறைந்துவிட்டது என்று தாய் சொன்னார். இப்போது அந்த அறைக்கு டைல்ஸ்.