தண்ணீர் சூடேறினால்தான் கெண்டை முட்டையிடும்

நீலகிரியில் கேத்தி, கோத்தகிரிப் பக்கம் கேரட் தோட்டங்களுக்கு நடுவே பாசனத்துக்கு வெட்டிய குட்டையில் சாதா கெண்டை விட்டு வளர்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். ஜனவரியில் தீவனம் போட்டால் மீன் ஏன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை? கோடையில் கரையோரம் அத்தனை ஆர்ப்பாட்டமாக முட்டையிட்டதே, குஞ்சுகள் எங்கே போயின? முதல் கேள்விக்கான பதில் தண்ணீரின் சூட்டில் இருக்கிறது, இரண்டாவதற்கானது தண்ணீரின் மட்டத்தில்.

இந்தக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட மீன். உடம்பு முழுக்கச் செதில் இல்லாமல் அங்கங்கே பெரிய செதில்கள் மட்டும் பளபளப்பதால் அந்த வகைக்குக் கண்ணாடிக் கெண்டை என்று பெயர். கட்லா, ரோகு போன்ற சமவெளி மீன்களுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துவராது. இது தாங்கிக்கொள்ளும்.

தாங்கும் என்றால் குளிரிலும் நன்றாகச் சாப்பிடும் என்று அர்த்தமில்லை. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டை ஒட்டியே ஏறி இறங்கும். 20 முதல் 28 டிகிரி வரை கெண்டைக்குச் செரிமானம் வேகமாக நடக்கும், உடம்பும் நன்றாக வளரும். தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, மீன் ஆழத்தில் போய் ஒடுங்கிவிடும். அந்த நாட்களில் போட்ட புண்ணாக்கும் தவிடும் அடியில் அழுகும், அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். உறைபனி விழுந்த காலையில் புல்வெளி வெளுத்துக் கிடந்தாலும் குட்டை அவ்வளவு சீக்கிரம் குளிராது. தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் விடும். பனிக்காலத்தில் வானம் தெளிவாக இருப்பதால், பகல் வெயிலில் ஓர ஆழமற்ற நீர் ஓரளவு சூடாகி மீன் அங்கே வரும். ஜனவரியில் தீவனம் போடத்தான் வேண்டும் என்றால் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். காலையில் போடுவது வீண்.

கெண்டை சாப்பிடும் விதம் தனி. வாயைக் குழாய் மாதிரி முன்னே நீட்டி அடிச்சேற்றை அப்படியே உறிஞ்சும். வாயின் மேற்கூரையில் சுவை அறியும் தசைத் திண்டு ஒன்று உண்டு. ரத்தப்புழுவோ நத்தையோ சிக்கினால் அதை மட்டும் அது பிடித்துக்கொள்ளும், சேறு வெளியே போய்விடும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்கள் மண்டையோட்டின் அடியிலுள்ள கடினமான திண்டோடு சேர்த்து இரையை அரைக்கும். அப்புறம் நேராகக் குடல்தான். கெண்டைக்கு இரைப்பையே இல்லை. சேர்த்துவைத்துச் செரிக்க இடமில்லாததால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும். தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்ததும் இன்னொரு சிக்கல். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரே சூட்டிலுள்ள கடற்கரைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இங்குள்ள தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. நாள் கணக்கில் மேகமூட்டமாக இருந்தால் பாசியும் போதிய ஆக்சிஜன் விடாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்று தீவனத்தை நிறுத்திவிட வேண்டும்.

சரி, முட்டைக்கு வருவோம். குளிர் நாடுகளில் பகல் நீள்வதும் மீனுக்கு ஒரு சைகை. நீலகிரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே இங்கே முக்கியமான சைகை தண்ணீரின் சூடு. பனிக்காலம் கழிந்து தண்ணீர் 17, 18 டிகிரியைத் தாண்டினால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைக் கூடுதலாக விட, சினை முற்றும். கோடை மழையில் மட்டம் ஏறி ஓரப் புல் முழுகினால் இன்னும் தூண்டுதல். கட்லாவும் ரோகுவும் குட்டையில் தாமாக முட்டையிடாது. பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு அவற்றை முட்டையிடவைக்கும் முறையை 1957-இல் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌதுரி செய்து காட்டினார். கெண்டைக்கு அந்த ஊசி தேவையில்லை.

முட்டையிடும் விடியலில் இரண்டு மூன்று ஆண்கள் ஒரு பெண்ணை ஓரப் பாசிக்குள் துரத்தும். முதுகு வெளியே தெரியும் அளவு ஆழமற்ற தண்ணீரில் வாலால் அடித்து ஒரே கலக்கல். ஆணின் செவுள் மூடியைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், அது அந்தப் பருவத்தில் மட்டும் முளைக்கும் சிறு கொம்புகள். ஒரு கிலோ எடைக்கு ஒரு லட்சம் முட்டை என்பது சாதாரணம். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அளவுள்ள முட்டைகள் பசைபோல வேலம்பாசியில் ஒட்டிக்கொள்ளும். கருவுற்றது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், கருவுறாதது வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். தாய்க்கும் தகப்பனுக்கும் காவல் காக்கத் தெரியாது, அகப்பட்டதைத் தின்றும் விடும்.

20 டிகிரியில் குஞ்சு பொரிக்க மூன்று நாலு நாள் ஆகும். இங்கேதான் நாமே கெடுக்கிறோம். ஏப்ரல், மே என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரம். மோட்டார் போட்டு ஓரடி இறைத்தால் போதும், ஓரப் பாசி வெளியே வந்து முட்டை அத்தனையும் காய்ந்துவிடும். மட்டம் குறைவதை மீனால் முன்கூட்டி அறிய முடியாது. கலக்கலைப் பார்த்த அன்று முட்டை ஒட்டிய பாசியை அள்ளி, ஆழமான இடத்தில் கட்டிய கொசுவலைத் தொட்டிக்கு மாற்றிவிட்டால் பாசனமும் நடக்கும், பெரிய மீன் தின்பதும் நிற்கும். பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவில் வாழ்ந்துவிட்டு, பிறகு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தேடும்.

உபரித் தண்ணீர் போகும் வாய்க்காலில் சன்னமான வலை கட்டாயம் வேண்டும். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலங்கடிக்கும் இந்த மீன் மலை ஓடைகளில் இறங்கினால், தெளிந்த நீரில் வாழும் நம் சிறு மீன்களுக்குப் பிழைப்பு இருக்காது.