பிளஸ் டூ படிக்கும்போதே கல்லூரியை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம்

அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் பாடம்) என்றால் என்ன, இன்டர்னல் மார்க் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) யார் போடுவார்கள் என்று எதுவுமே தெரியாமல் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் திகைப்பைக் குறைக்கத் தமிழக அரசு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், பள்ளி மாணவர்களுக்கான 'கல்லூரிக் கனவு' என்ற பகுதிதான் அது.

இதில் முதலில் நடப்பது வழிகாட்டிக் கூட்டம். எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, எதற்கு நுழைவுத் தேர்வு, உதவித்தொகை, கல்விக்கடன் எல்லாம் சொல்லி, கையேடும் கொடுப்பார்கள். உண்மையைச் சொன்னால், மண்டபம் நிறைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது மைக்கில் பேசுவதில் பாதி காதில் ஏறாது. கையேட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது களப்பயணம். பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போய் வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாம் காட்டுகிறார்கள். போகிற பிள்ளை செல்ஃபியோடு திரும்பிவிடக் கூடாது. அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு அண்ணனையோ அக்காவையோ பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும். மெஸ் பில் மாதம் எவ்வளவு வருகிறது? ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படிச் சமாளித்தார்கள்? வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும் என்பதும் அவர்கள் வாயால் கேட்டால்தான் உறைக்கும்.

பணம் பற்றிய குழப்பம்தான் அதிகம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதாவது அவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய இடங்கள், உண்டு. இவர்கள் கல்லூரியில் சேர்ந்த பிறகு பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பத்தைக் கல்லூரி மூலமாகத்தான் போட வேண்டும். அஞ்சல் வழிப் படிப்புக்கு இது கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த 1,000 ரூபாய் கிடைக்கும், ஆனால் 7.5 சதவீதம் கிடைக்காது. பல பெற்றோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் பட்டதாரிச் சலுகை வேறு விஷயம். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாரும் பட்டம் வாங்காத குடும்பத்தில் ஒருவருக்கு, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை. அண்ணன் அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு இல்லை. கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் இல்லை.

சரி, சான்றிதழ்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு போனால் ஊரே அங்கேதான் நிற்கும். அரையாண்டு விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். அதற்கும் முன்னால் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் நான் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்திருக்கிறேன்.

பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு 'உயர்வுக்குப் படி' என்ற முகாம் நடத்துகிறார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ ஆட்கள் ஒரே இடத்துக்கு வருவதால் அங்கேயே சேர்க்கை வாங்கிவிட முடியும். முகாம் எந்தத் தேதியில் என்பதைப் படித்த பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளலாம். தேர்வில் தவறியவர்களும் போகலாம்.